சவூதியிலிருந்து வந்த ஒரு சாக்கு மண்

போன செவ்வாய்க்கிழமை கல்முனை பசாரில், ஒரு கோழித் தீன் கடைக்குள் நின்று அழுதுவிட்டேன்.

சிரிக்காதீர்கள். கிழமைதோறும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என் வாயைப் பற்றி நன்றாகத் தெரியும். சண்டை பிடிப்பேன், ஏசுவேன், மூஞ்சியை நீட்டுவேன்... அழமாட்டேன். அதுவும் தவிட்டு மூட்டைக்கும் புண்ணாக்கு மூட்டைக்கும் நடுவில் நின்றுகொண்டா?

நடந்தது இதுதான். எனக்குச் சீனி வருத்தம். டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்கு இப்போதெல்லாம் நடந்தே போய் நடந்தே வருகிறேன். அன்றைக்கு பசாருக்குள் காலை வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது. குடை வீட்டில்! கிட்ட இருந்த கடைக்குள் ஏறினேன். அது கோழித் தீன் கடை.

எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். கோழி வளர்க்கிறவர் போல. "மாரி துவங்கினா போதும் தம்பி, சோளன் எல்லாம் பூஞ்சணம் புடிச்சிப் போகுது. கோழி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிது" என்றார்.

கடைக்காரத் தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் நீட்டி ஒரு பொலித்தீன் பக்கெட்டை எடுத்து மேசையில் போட்டார்.

"இதத் தீனோட கலந்து குடுங்க நானா. டொக்சின் பைண்டர்."

"என்ன மருந்து இது?"

"மருந்து இல்ல, மண்தான். ஒரு சாதிக் களிமண். சோளன்ல இருக்கிற நஞ்சப் புடிச்சிக்கும்."

அவர் வாங்கினார், சாரனை மடித்துக் கட்டினார், மழைக்குள் இறங்கிப் போனார். அவ்வளவுதான். தேயிலைப் பக்கெட் வாங்குவது போல.

நான் இன்னொரு பக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத் தூள். எனக்கு அந்த நிறத்தைத் தெரியும். "தம்பி, இது எங்க இருந்து வருது?" என்று கேட்டேன்.

"இது எல்லா இடத்திலயும் இரிக்கி லாத்தா. பக்கத்துக் கடையிலயும் இரிக்கி."

பக்கத்துக் கடையிலும் இருக்கிறதாம்!

அந்த இடத்தில்தான் எனக்குக் கண்ணீர் உடைந்தது. பாவம் அந்தத் தம்பி, பயந்துபோய் பிளாஸ்டிக் கதிரையை எடுத்துப் போட்டு, தண்ணீரும் தந்தார். விலை கூடிவிட்டது என்று அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "கொஞ்சம் குறைச்சித் தாறன் லாத்தா" என்றார். ஒரு பக்கெட் வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது.

பிறகு எதற்கு வாங்கினேன்? அதைச் சொல்ல உங்களை எண்பதுகளின் கடைசிப் பக்கம் கூட்டிப் போக வேண்டும்.

எங்கள் கரையோர ஊர்களின் வழக்கம் ஒன்றை வெளியூர் வாசகர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குள் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே, பெண் பிள்ளை ஒன்று இருந்தால் வீடு ஒன்று கட்டியாக வேண்டும். வாப்பா கட்டுவார். வாப்பா இல்லையா? நானா, அதாவது அண்ணன், கட்டுவார். எங்கள் பொடியன்மார் எழுபதுகளின் கடைசியிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் பறந்தார்களே... ஊர் பார்க்கவா போனார்கள்? தங்கச்சிமாருக்குக் கூரை போடப் போனார்கள்.

என் கணவர் ஹனிபாவும் அப்படித்தான். வாப்பா மவுத்து, உயிரோடு இல்லை. ஒரே தங்கச்சி. அவளுக்கென்று தொடங்கிய வீடு சுவர் மட்டத்தில் நின்றது. கலியாணம் முடித்து என் வீட்டுக்கு வந்தவர், எங்கள் கிணற்றுத் தண்ணி பழகுவதற்குள் பிளேன் ஏறிவிட்டார். சவூதியில் ஒரு பெரிய கோழிப் பண்ணையில், தீன் கலக்கிற கொட்டிலில் வேலை.

நான் இங்கே ஏங்கினேன். இதற்கு நாகரிகமான வேறு சொல் தேடப்போவதில்லை. ஏங்கினேன். சோறு போடப் போனால் கை தானாக இரண்டாவது கோப்பையை எடுக்கும். மஃரிபு தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்புகிற நேரம் தெருவில் சைக்கிள் மணி கேட்டால் எழும்பி நிற்பேன். இவருடைய சைக்கிளை விற்றதே நான்தான். அது தெரிந்தும் எழும்பி நிற்பேன்!

அந்தக் காலத்தில் டெலிபோன் எங்களுக்கு எட்டாது. கடிதத்தில் குரல் வராது. அதனால் கசட்டில் கதைத்து அனுப்புவோம். சவூதிக்குப் போகிற யாருடைய பையிலாவது என் கசட் போகும். அங்கிருந்து வருகிற யாருடைய பையிலாவது பதில் வரும். பின்வளவில் ரேடியோவை வைத்து, பட்டனை அமத்தி, வெட்கத்தோடு கதைப்பேன். உம்மா அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பா. பிறகு என்னத்தைக் கதைக்கிறது? மழை, வெயில், மீன் விலை... சொல்ல வேண்டியது மட்டும் உள்ளேயே கிடக்கும்.

முதல் லீவில் இவர் வந்தபோது ஒரேயடியாகக் கேட்டுவிட்டேன். "போகாதீங்க. இஞ்சயே இருங்க."

"தங்கச்சிட ஊட்டுக்குக் கூரை ஏறினா மறுகா போகமாட்டன் புள்ள. அதுவரைக்கும் என்ன இருக்கச் சொல்லாத."

சரி. அப்படியானால் கூரையை நான் ஏற்றுகிறேன்!

இவர் திரும்பிப் போன கையோடு பின்வளவில் கூடு அடித்து, முட்டைக் கோழிக் குஞ்சு இறக்கினேன். ஊர் சிரித்தது. சவூதி மாப்பிள்ளை எடுத்தவள் கோழிப் பீ அள்ளுகிறாளாம். அள்ளினேன்தான். குஞ்சு கோழியானது, கோழி முட்டையிட்டது, கல்முனைத் தேத்தண்ணிக் கடைகளுக்கெல்லாம் என் முட்டை போனது. முட்டை விற்ற காசில் தங்கச்சி வீட்டுக் கூரைக்கு வளை மரம் வந்தது, சலாகை வந்தது. இனி ஓடு மட்டும்தான். ஓடு வந்தால் இவர் வந்துவிடுவார். ஒவ்வொரு முட்டையையும் நான் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

அந்த நாட்களில் யுத்தத்தால் ரோட்டு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. கொழும்புத் தீன் வருவது நின்றுவிட்டது. உள்பக்கத்துச் சேனைக் காணிகளிலிருந்து வருகிற சோளன்தான் கதி. அதுவும் மாரி மழையில் நனைந்து, சாக்கோடு புழுங்கி, பச்சையாகப் பூஞ்சணம் பிடித்து வரும். கொட்டினோமா? கொட்டுவோமா நாங்கள்! மனிசருக்கு ஆகாதது எல்லாம் கோழிக்கு ஆகும் என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். வெயில் எறித்த நேரம் பார்த்து படங்கில் பரப்பிக் காயவைத்து, பச்சைத் தூளைத் தேய்த்து, சுளகில் புடைத்துவிட்டால் மணமும் இல்லை, நிறமும் இல்லை. கோழிக்குத்தானே!

முதலில் முட்டை குறைந்தது. பிறகு முட்டைக் கோது மெலிந்து, கையில் எடுக்கவே உடைந்தது. பிறகு கோழிகள் சிறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றன. பிறகு விழத் தொடங்கின.

செத்த கோழி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாட்டு டொக்டரிடம் ஓடினேன். அவர் அறுத்து ஈரலைக் காட்டினார். மஞ்சள் பூசியது போல வெளிறி வீங்கிக் கிடந்தது. "வெயில்ல காய்ஞ்சா பூஞ்சணம் சாகும் தங்கச்சி. அது விட்ட நஞ்சு சோளனுக்குள்ளேயே கிடக்கும். எல்லாத்தையும் கொட்டுங்க" என்றார். கொட்டிவிட்டு எதைக் கொடுப்பது? அதற்கு அவரிடமும் மருந்தில்லை.

இவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. தூர தேசத்தில் இருக்கிறவரின் நெஞ்சில் இதை வேறு ஏற்றுவானேன்? வழக்கம் போலக் கதைத்து கசட்டை அனுப்பினேன். மழை, மீன் விலை...

பதில் கசட் வந்தது. சலாம் சொன்ன கையோடு இவர் கேட்ட முதல் கேள்வி: "புள்ள, கோழி ஏன் சத்தம் போடல்ல?"

முட்டையிட்ட கோழி ஊரைக் கூட்டும் அல்லவா? என் பழைய கசட்டுகளில் எல்லாம் அந்தக் கொக்கரிப்புத்தான். உன்ட கொரல விட கோழிட கொரல்தான் கூடக் கேட்குது என்று பகிடி பண்ணுவார். இந்தக் கசட்டில் அது இல்லை. மழைச் சத்தம் மட்டும் இருந்திருக்கிறது. அந்த மனிசன் அதைக் கேட்டிருக்கிறார். நான் சொன்னதை மட்டுமா? சொல்லாமல் விட்டதையும் கேட்டிருக்கிறார். ரேடியோவுக்கு முன்னால் இருந்து விம்மி விம்மி அழுதேன்... சரி, முந்தியும் அழுதிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கசட்டில் பூஞ்சணச் சோளன், டொக்டர் சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அடுத்த மாரி தொடங்கும்போது இவர் லீவில் வந்தார்.

சவூதியிலிருந்து ஒருவர் வந்தால் பெட்டி உடைக்கிறதைப் பார்க்கத் தெருவே திரளும். போர்வை, அத்தர், சோப்பு, பால்மா, கசட் ரேடியோ... ஒவ்வொன்றும் வெளியே வர, வாய் ஒவ்வொன்றும் பிளக்கும். எங்கள் வீட்டிலும் திரண்டார்கள். தங்கச்சிக்கு ஒரு சேலை, உம்மாவுக்கு ஒரு போர்வை, எனக்கு ஒரு போத்தல் அத்தர். அதோடு சரி. மிச்ச நிறை முழுக்க ஒரே ஒரு சாக்கு. வாயைக் கட்டி, தைத்து, கயிறு சுற்றிய சாக்கு.

வேலிக்கு அந்தப் பக்கத்து செய்னம்பு மாமி சாக்கைத் தொட்டுப் பார்த்தா. அவவின் கணவர் மவுத்தாகி ஒரு வருடம் ஆகவில்லை.

"இது என்ன மகன்?"

"மண் மாமி."

"சவூதி மண்ணா?"

"ஓம் மாமி, சவூதி மண்தான்."

பொய்யா சொன்னார்? பயணக் களைப்பில் கண் சொருகிக்கொண்டு வந்தது. துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். மாமியின் கண் நிறைந்ததை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

இரவு எனக்கு விஷயத்தைச் சொன்னார். அங்கே கொட்டிலில் தீனோடு இந்தச் சாம்பல் தூளைக் கலப்பார்களாம். கூட வேலை செய்த எகிப்துக்காரரிடம் எதற்கென்று கேட்டிருக்கிறார். "வகுத்துக்குள்ள போன நஞ்சு இந்த மண்ணோட ஒட்டிக்கும் புள்ள. ஈரலுக்கு ஏறாம எச்சத்தோட போயிரும். எல்லா நஞ்சையும் புடிக்காதாம். இந்தச் சோளன் நஞ்ச நல்லாப் புடிக்குமாம். பண்ணைக்காரனிட்ட கேட்டு எடுத்தன். இந்தச் சாக்கு மாரி முடியிறவரைக்கும் போதும். மாரி தாண்டினா ஓடு போட்டிரலாம்."

"அப்ப போகமாட்டீங்களா?"

"என்னத்துக்குப் போற?"

வாழ்க்கையில் எனக்கு யாரும் இதைவிட அழகான ஒரு வசனம் சொன்னதில்லை.

மறுநாள் மருதமுனையில் இருக்கிற இவருடைய உம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். பின்னேரம் திரும்பி வந்தால் வாசல் நிறையச் செருப்பு. கோப்பை, கிண்ணம், பால்மாப் பேணி என்று கையில் ஏந்திக்கொண்டு பெண்கள் படியிறங்கிப் போகிறார்கள். உள்ளே உம்மா சாக்கைத் திறந்து வைத்து, கந்தூரிச் சோறு பகிர்கிறவ மாதிரி அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறா.

"வா மகள், வா! மக்கத்து மண் வந்திரிக்காமெண்டு ஊரே வந்திட்டு. நம்மட ஊட்டுக்கு எவ்வளவு பறக்கத்து!"

"உம்மா! அது கோழிக்கு!"

உம்மா வாயில் அடித்துக்கொண்டா. "என்ன கதை கதைக்காய் கா? மக்கத்து மண்ணக் கோழிக்கா?"

சாக்கு பாதியாகிவிட்டிருந்தது. மீதி எங்கே? ஒருவர் வீட்டு அத்திவாரத்தில் போட்டுவிட்டார். ஒருத்தி கிணற்றில் கரைத்துவிட்டாள். மார்க்கத்தில் இப்படியெல்லாம் கிடையாது என்று மௌலவி சொல்லி அனுப்பியது அதற்குப் பிறகு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவரையும் இழுத்துக்கொண்டு நேரே செய்னம்பு மாமி வீட்டுக்குப் போனேன். தொடங்கி வைத்தது அவதானே!

நான் வாயைத் திறக்க முதல் மாமி இவருடைய கையைப் பிடித்துக்கொண்டா.

"எங்கட மனிசன் ஹஜ்ஜு ஹஜ்ஜெண்டே ஹயாத்து முழுக்க இருந்தாரு மகன். போகக் கிடைக்கல்ல. இண்டைக்குத் தம்பியிட்டக் குடுத்தனுப்பி மையவாடியில அவருட தலைமாட்டுல போட்டுட்டன். அவருக்குப் போகக் கிடைக்காட்டியும் மக்கா அவரத் தேடி வந்திட்டு. நீதான் கொண்டு வந்தாய்."

நான் வாயெடுத்தேன். இவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "நல்லம் மாமி" என்றார்.

படலைக்கு வெளியே வந்ததும் வெடித்தேன். "ஏன் சொல்லல்ல நீங்க?"

"என்னத்தச் சொல்ல? உங்கட மனிசன்ட கபுறுல கிடக்கிறது கோழித் தீனுக்குப் போடுற மண்ணெண்டா?"

"அப்ப கோழி?"

"இரிக்கிறத வச்சிப் பார்ப்பம்."

"அப்ப நீங்க?"

வேலியோரம் நடந்து வீட்டுக்கு வந்தோம்.

மண் வேலை செய்ததா என்று கேட்கிறீர்கள். செய்தது. இவர் கிடைத்த வெயிலில் எல்லாம் சோளனைக் காயப்போட்டார், கண்ணுக்குத் தெரிகிற பழுதையெல்லாம் கொட்டினார், மிச்சத்துக்கு ஒரு வாளித் தீனுக்கு ஒரு சிறங்கை என்று மண் கலந்தார். மிஞ்சியிருந்த கோழிகள் மெல்லத் தலை தூக்கின. ஒரு நாள் காலை, அடுப்படியில் நிற்கிறேன், பின்வளவில் ஒரு கொக்கரிப்பு! இரண்டு பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினோம். 

தினமும் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து இவர் தீன் கலப்பார், நான் எதிரே குந்தியிருந்து கிண்டிக் கொடுப்பேன். இரண்டு பேருக்கும் முழங்கை வரைக்கும் சாம்பல் நிறம். கசட்டில் கதைக்க முடியாததையெல்லாம் அங்கே இருந்து கதைத்தோம். என் கலியாண வாழ்க்கையில் எது நல்ல காலம் என்று யாரும் கேட்டால், அந்தத் தீன் வாளிக்குப் பக்கத்தில் இருந்த காலத்தைத்தான் சொல்வேன். சாக்கு மட்டும் இறங்கிக்கொண்டே போனது. அதை நாங்கள் கதைக்கவில்லை.

மழை விடவில்லை. சாக்கு முடிந்தது. கொஞ்ச நாளில் கோழிகள் திரும்பவும் சிறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றன. ஓடு வாங்கவில்லை. லீவும் முடிந்தது.

படலையடியில் நின்று சொன்னார்: "அழாத புள்ள. இந்த ஒரு தரம்தான். மண்ணோட வாறன்."

அந்த ஒரு தரம் எத்தனை தரமானது என்று கேட்காதீர்கள். தங்கச்சி வீட்டுக்கு ஓடு சவூதிக் காசில்தான் ஏறியது. அதற்குள் எங்களுக்கு மகள் பிறந்துவிட்டாள். மகளென்றால் என்ன? இன்னொரு வீடு! அவள் தத்தித் தத்தி நடந்த கால் சத்தத்தை இவர் கசட்டில்தான் கேட்டார். கோழிக் கூட்டுப் பலகையை நான் விறகுக்கு உடைத்தேன். செய்னம்பு மாமி மவுத்தாகும் வரை, என்னைக் கண்டால் இவருக்கு துஆ கேட்டுக்கொண்டே இருந்தா. கோபம் எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. அவவும் ஒருவரை நினைத்து ஏங்கியவதானே.

இவர் வந்தார், தலை முழுக்க நரைத்த பிறகு. இப்போது முன் விறாந்தையில் கதிரை போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கெட்டைக் கொண்டுபோய் இவருடைய மடியில் வைத்தேன். இவர் கண்ணாடியைக் கழற்றினார். பக்கெட்டைப் பிய்த்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, பெருவிரலால் தேய்த்தார். மூக்கில் வைத்து மணந்தார்.

"அதே மண்தான். எங்க எடுத்த?"

"கல்முனையில."

"ஆரு கொண்டு வந்த?"

"ஒருத்தரும் கொண்டு வரல்ல. கடையில விக்கிறாங்க. பக்கத்துக் கடையிலயும் இரிக்காம்."

"எதுல போன?"

"நடந்துதான்."

இவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த மண்ணைத் தட்டவும் இல்லை.

"அந்த நாள்ல கல்முனைக்கெண்டா நானும் நடந்தே போயிருப்பனே புள்ள... அசருக்கு வெளிக்கிட்டா மஃரிபுக்கு ஊட்ட வந்திருப்பன்."

நான் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டேன். ஒரு நாளைக்கு ஒரு அழுகை போதும்.